தன்வெப்பம்: ஒரு கெட்டிலும் அரைக்கிலோ எடைக்கல்லும் வைத்துப் புரிந்துகொள்வது எப்படி?

எண்ணெயிலிருந்து எடுத்த சமோசா தட்டில் சில நிமிடங்களாகக் கிடக்கிறது. தொட்டுப் பார்த்தால் மேல் ஓடு விரல் தாங்கும் சூடுதான். நம்பிக் கடித்தால் உள்ளே இருக்கும் உருளைக்கிழங்கு நாக்கைப் பொசுக்கிவிடுகிறது. இதில் வேடிக்கை, எண்ணெய்க்குள் கிடந்தபோது ஓடுதான் அதிக வெப்பநிலையில் இருந்தது. பொரிக்கும் எண்ணெய் 170, 180 டிகிரியில் காய்ந்திருக்கும்; ஈரம் வற்றிய மேல் ஓடு அதை நெருங்கிவிடும். உள்ளே இருக்கும் மசியலில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அது 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. அதிகம் காய்ந்தது முதலில் ஆறிவிட்டது. குறைவாகக் காய்ந்தது நாக்கைச் சுடுகிறது.

ஓடு மெல்லியது, காற்றுப் படும் இடத்தில் இருக்கிறது என்பது ஒரு காரணம். ஆனால் இன்னொன்று உண்டு. ஒரு கிராம் உருளைக்கிழங்கு ஒரு டிகிரி ஆற வேண்டுமானால், ஒரு கிராம் காய்ந்த மாவு ஆறுவதைவிட அதிக வெப்பத்தை வெளியே விட வேண்டும். பாடநூல் இதைத் தன்வெப்ப ஏற்புத்திறன் என்கிறது. நான் சுருக்கமாகத் தன்வெப்பம் என்றே எழுதுகிறேன். சூத்திரத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் வீட்டில் ஒருமுறை அளந்து பார்த்தவர்களுக்கு இது மறப்பதேயில்லை என்பது என் அனுபவம். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் சமையலறை வேலைதான்.

முதல் படி: ‘சூடு’ என்ற சொல்லை இரண்டாகப் பிரியுங்கள்

பேச்சில் எல்லாவற்றுக்கும் சூடு என்ற ஒரே சொல்தான். இயற்பியலில் அது இரண்டு. வெப்பம் என்பது ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும் ஆற்றல், அதை ஜூலில் அளக்கிறோம். வெப்பநிலை என்பது மட்டம், அதை டிகிரியில் அளக்கிறோம்.

குறுகலான பானையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் மட்டம் கிடுகிடுவென ஏறும். அதே குடத்தை அகன்ற அண்டாவில் கவிழ்த்தால் அடியில் நாலு விரல் உயரம்தான் நிற்கும். ஊற்றிய தண்ணீர் ஒன்றே, ஏறிய மட்டம் வேறு. குடத்துத் தண்ணீர் வெப்பம், மட்டம் வெப்பநிலை, பாத்திரத்தின் அகலம்தான் நாம் தேடும் சங்கதி.

சாணை பிடிக்கும்போது தெறிக்கும் தீப்பொறிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் பல நூறு டிகிரியில் ஒளிர்கிற இரும்புத் துகள். கையில் பட்டாலும் சுருக்கென்று ஒரு குத்தல், அவ்வளவுதான். துகள் அத்தனை சிறியது, அதனிடம் கொடுக்க வெப்பம் இல்லை. கொதிக்கும் தண்ணீர் வெறும் 100 டிகிரி, ஆனால் ஒரு டம்ளர் காலில் கொட்டினால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

இரண்டாம் படி: கணக்கு

ஒரு பொருள் வாங்கும் வெப்பம் = நிறை × தன்வெப்பம் × வெப்பநிலை உயர்வு.

ஒரு கிலோ பொருளை ஒரு டிகிரி உயர்த்த எத்தனை ஜூல் கொடுக்க வேண்டும் என்பதே தன்வெப்பம். ஒரு டிகிரிக்கு ஒரு கிலோ கேட்கும் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சில விலைகள், ஏறக்குறைய:

தண்ணீர் – 4186
பனிக்கட்டி – 2100
சமையல் எண்ணெய் – 2000
அலுமினியம் – 900
மணல் – 800
இரும்பு – 450
செம்பு – 385
வெள்ளி – 235
தங்கம் – 129
ஈயம் – 128

முதல் வரியையும் கடைசி வரியையும் ஒப்பிடுங்கள். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றும் வெப்பம், ஒரு கிலோ ஈயத்தை 32 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும். எண்ணெய் தண்ணீரைவிடச் சட்டென்று காய்வதற்கும் இங்கேதான் விடை, விலை பாதிதான்.

இன்னொரு நுணுக்கம். தன்வெப்பம் பொருளின் குணம், வெப்ப ஏற்புத்திறன் (நிறை × தன்வெப்பம்) அந்தக் குறிப்பிட்ட உருப்படியின் குணம். மாணவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இடம் இது. அலுமினியத்தின் தன்வெப்பம் இரும்பைப்போல இரண்டு மடங்கு. ஆனால் 3 கிலோ இரும்புத் தோசைக்கல்லை ஒரு டிகிரி ஏற்ற 1350 ஜூல் வேண்டும். அரைக்கிலோ அலுமினியத் தவாவுக்கு 450 ஜூல் போதும். அதனால்தான் கனத்த கல்லில் மாவை ஊற்றினாலும் கல் அவ்வளவாக ஆறிப்போவதில்லை, அடுத்தடுத்த தோசையும் ஒரே மாதிரி வருகிறது. கல் காய நேரமாகிறது என்ற புலம்பலும் இதே காரணத்தால்தான்.

மூன்றாம் படி: கெட்டிலை வைத்துத் தண்ணீரை அளப்பது

தேவையானவை: மின் கெட்டில், 110 டிகிரிவரை காட்டும் வெப்பநிலைமானி, கைப்பேசிக் கடிகாரம், அளவு ஜாடி. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை இதில் விடாதீர்கள், அதன் அளவு 42 டிகிரியோடு முடிந்துவிடும். சமையலுக்கென்று விற்கும், முனை நீண்ட டிஜிட்டல் மானி நன்றாகவே உதவும்.

கெட்டிலின் அடியில் எத்தனை வாட் என்று அச்சிட்டிருக்கும். 1500 வாட் என்றால் நொடிக்கு 1500 ஜூல். ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ தண்ணீரை ஊற்றி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். சரியாக 120 நொடி ஓடவிட்டு அணையுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகே மூடியைத் திறந்து, மரக்கரண்டியால் கலக்கி, மானி காட்டும் உச்ச அளவை எழுதுங்கள். கலக்காமல் அளந்தால் எந்த இடத்தில் முனை இருக்கிறதோ அந்த இடத்தின் கதையைத்தான் அது சொல்லும்.

30 டிகிரி 69 ஆனது என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த வெப்பம் 1500 × 120 = 1,80,000 ஜூல். உயர்வு 39 டிகிரி. வகுத்தால் 4615 வருகிறது. உண்மையான அளவைவிடப் பத்து விழுக்காடு கூடுதல்.

இங்கே பலர் ‘பரிசோதனைப் பிழை’ என்று எழுதிவிட்டு நோட்டை மூடிவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. அந்தக் கூடுதல் எங்கே போனது? கெட்டிலும் சேர்ந்துதான் காய்ந்தது. அதன் உடம்பும் சுருளும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன. அந்தப் பங்கைப் பிரித்தெடுக்க ஒரு எளிய தந்திரம் உண்டு: கெட்டிலை முழுக்க ஆறவிட்டு, அரை லிட்டர் தண்ணீரோடு 60 நொடி ஓட்டுங்கள்.

இம்முறை 30 டிகிரி 66.5 ஆனது என்று கொள்வோம். 90,000 ஜூலை 36.5-ஆல் வகுத்தால் டிகிரிக்கு 2466 ஜூல். முதல் ஓட்டத்தில் ஒரு கிலோ தண்ணீரும் கெட்டிலும் சேர்ந்து டிகிரிக்கு 4615 கேட்டன. இரண்டாம் ஓட்டத்தில் அரைக்கிலோ தண்ணீரும் அதே கெட்டிலும் 2466 கேட்டன. கழித்தால் கெட்டில் தானாக விலகிவிடும்: அரைக்கிலோவுக்கு 2149, ஒரு கிலோவுக்கு 4298. பத்து விழுக்காட்டுப் பிழை மூன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. புதிய கருவி எதுவும் வாங்கவில்லை, ஒரு கழித்தல்தான்.

மீதிப் பிழைக்கு முக்கியச் சந்தேக ஆசாமி மின்னழுத்தம். 1500 வாட் என்பது 230 வோல்ட்டுக்குச் சொன்னது. உங்கள் வீட்டில் 220 வோல்ட் வந்தால், திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், 1372 வாட்தான் கிடைக்கும். மாலை நேரத்தில் அளந்து விடை விபரீதமாக வந்தால் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். மறுநாள் காலையில் ஒருமுறை செய்து பாருங்கள்.

நான்காம் படி: விளாவுதல்

குளிக்க வெந்நீர் விளாவத் தெரிந்தவர்களுக்குக் கலவை முறை ஏற்கெனவே தெரியும். 15 லிட்டர் வாளி, குழாய்த் தண்ணீர் 26 டிகிரி, அடுப்பில் கொதித்தது 100 டிகிரி, நமக்கு வேண்டியது 40. கொதிநீர் இழப்பதும் குழாய்த் தண்ணீர் பெறுவதும் சமம் என்று எழுதினால், கொதிநீர் 2.8 லிட்டர், மீதி பச்சைத் தண்ணீர் என்று வருகிறது. இரண்டும் தண்ணீர் என்பதால் தன்வெப்பம் இருபுறமும் அடிபட்டுப் போய்விட்டது. வெவ்வேறு பொருள்களை விளாவும்போதுதான் அது தலைகாட்டும்.

18ஆம் நூற்றாண்டில் இப்படித்தான் அது பிடிபட்டது. வெப்பநிலை அளவுக்குப் பெயர் தந்த ஃபாரன்ஹீட் பாதரசத்தையும் தண்ணீரையும் கலந்து பார்த்த சோதனைகளிலிருந்து, 1760 வாக்கில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜோசஃப் பிளாக் என்ற அறிவியலாளர் ஒரு முடிவுக்கு வந்தார். 100 ஃபாரன்ஹீட் தண்ணீரோடு அதே கன அளவு 150 ஃபாரன்ஹீட் பாதரசத்தைச் சேர்த்தால் நடுவில் 125 வரும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். வந்தது 120 என்று பிளாக் எழுதினார். பாதரசம் தண்ணீரைப்போல 13 மடங்குக்கு மேல் கனம். கனமான பொருளே அதிக வெப்பம் பிடிக்கும் என்று அதுவரை நம்பியவர்களுக்கு இது அடி. வெப்பத்தைத் தாங்கும் திறன் கனத்தோடு சேர்ந்து வருவதில்லை, பொருளுக்குப் பொருள் தனியாக இருக்கிறது என்றார் பிளாக். இன்றைய அளவுகளைக் கொண்டு கணக்கிட்டால் அந்தக் கலவை 116-ஐ ஒட்டி நிற்க வேண்டும். எண் கொஞ்சம் தவறு, முடிவு சரி.

நாம் பாதரசத்தைத் தொட வேண்டாம், அது நஞ்சு. பழைய இரும்புக் கடையில் அரைக்கிலோ இரும்பு எடைக்கல் கிடைக்கும். நிறையை முத்திரை குத்தியே கொடுத்துவிடுகிறார்கள், இதைவிட வசதி என்ன வேண்டும்?

சிறிய ஹாட்பாக்ஸ் ஒன்றில் 400 கிராம் தண்ணீரை ஊற்றி வெப்பநிலையைக் குறியுங்கள். 30 டிகிரி என்று கொள்வோம். எடைக்கல்லைக் கம்பியில் கட்டி, கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் தொங்கவிடுங்கள். கல்லின் நடுப்பகுதிவரை 100 டிகிரி ஏற அவ்வளவு நேரம் கொடுப்பது நல்லது. பிறகு எடுத்து, ஒரு உதறு உதறி, தாமதிக்காமல் ஹாட்பாக்ஸுக்குள் மெதுவாக இறக்கி மூடுங்கள். கல் தண்ணீருக்குள் முழுகியிருக்க வேண்டும். மெல்லக் கலக்கியபடி வெப்பநிலை ஏறி நிற்கும் இடத்தைப் பாருங்கள்.

37.6 டிகிரி என்றால்: தண்ணீர் பெற்றது 0.4 × 4186 × 7.6 = 12,725 ஜூல். கல் 100-லிருந்து 37.6-க்கு, அதாவது 62.4 டிகிரி இறங்கியது. 12,725-ஐ 0.5 × 62.4-ஆல் வகுத்தால் 408. நூலில் உள்ளது 450.

மறுபடியும் பிழையைத் துரத்துவோம். ஹாட்பாக்ஸின் உள்பாத்திரமும் கொஞ்சம் வெப்பம் வாங்கியது. அது 150 கிராம் எவர்சில்வர் என்றால் டிகிரிக்குச் சுமார் 75 ஜூல், 7.6 டிகிரிக்கு 570. அதைச் சேர்த்தால் 426 ஆகிறது. அடுப்பிலிருந்து ஹாட்பாக்ஸ்வரை வந்த சில நொடிகளில் கல் ஆறியதும் விடையைக் குறைக்கும். கல்லில் ஒட்டி வந்த கொதிநீர்த் துளிகள் எதிர்ப்பக்கம் இழுக்கும். 2 கிராம் ஒட்டியிருந்தாலே 500 ஜூல் களவாக உள்ளே வந்துவிடும். நன்றாக உதறினால் துளி குறையும், கல் ஆறும். உதறாவிட்டால் கல் ஆறாது, துளி வரும். ஆய்வகத்தில் உலோகத்தைத் தண்ணீர் படாமல், சுற்றிலும் நீராவி சூழ்ந்த அறைக்குள் வைத்துச் சூடேற்றுவது இந்தச் சங்கடத்துக்காகத்தான். இன்னொன்று, எடைக்கல்லின் அடியில் எடையைச் சரிசெய்ய ஈயம் ஊற்றியிருப்பார்கள். ஈயத்தின் விலை 128 என்பதால் அதுவும் சராசரியைச் சற்றுக் கீழே இழுக்கும்.

ஐந்தாம் படி: ஏன் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை?

எனக்கு இந்தப் பாடத்தில் மிகப் பிடித்த பகுதி இது. பள்ளியில் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1819-இல் பிரான்ஸில் துலோங், பெத்தி என்ற இருவர் திடப் பொருள்களின் தன்வெப்பத்தை அணு எடையோடு பெருக்கிப் பார்த்தார்கள். இன்றைய அலகுகளில் நாமும் செய்யலாம். கிராமுக்கு ஜூல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஈயம்: 207 × 0.128 = 26.5. தங்கம்: 197 × 0.129 = 25.4. செம்பு: 63.5 × 0.385 = 24.4. இரும்பு: 55.8 × 0.45 = 25.1. அலுமினியம்: 27 × 0.9 = 24.3.

பட்டியலில் ஏழு மடங்கு வித்தியாசமாகத் தெரிந்த உலோகங்கள் எல்லாம் 25-ஐச் சுற்றி வந்து நிற்கின்றன. ஆக, ஒரு அணுவுக்கு ஒரு டிகிரி ஏற்ற ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றே. ஈயத்தின் அணு கனமானது, ஒரு கிலோவில் அணுக்களின் எண்ணிக்கை குறைவு, அதனால் விலை குறைவு. அலுமினிய அணு இலேசானது, கிலோவுக்கு அணுக்கள் அதிகம், செலவும் அதிகம். நாம் கிலோக்கணக்கில் பேசுகிறோம், இயற்கை தலையை எண்ணுகிறது.

விதிவிலக்குகளும் உண்டு. வைரத்துக்கு இதே பெருக்கல் 6 அளவில்தான் வருகிறது. அதன் அணுக்கள் மிக இறுக்கமாகப் பிணைந்தவை. சாதாரண வெப்பநிலையில் அவற்றின் அதிர்வுகளில் பல கிளம்புவதேயில்லை. ஆற்றல் துளித்துளியாகத்தான் பரிமாறப்படும் என்ற புதிய கருத்தைக் கொண்டு 1907-இல் ஐன்ஸ்டைன் இதை விளக்கினார்.

தண்ணீரின் மூலக்கூறு எடை 18 மட்டுமே, அதனால் ஒரு கிலோவில் தலைகள் ஏராளம். அதோடு மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொண்டிருக்கின்றன. கொடுக்கும் வெப்பத்தில் ஒரு பகுதி மூலக்கூறுகளை வேகமாக ஆட்டுவதற்குப் போகிறது, அதுதான் வெப்பநிலையாகத் தெரியும். மீதி அந்தப் பிடிகளைத் தளர்த்துவதற்குப் போகிறது, அது மானிக்குத் தெரியாது. பனிக்கட்டிக்கும் நீராவிக்கும் தன்வெப்பம் தண்ணீரில் ஏறக்குறைய பாதியாக இருப்பதைப் பார்த்தாலே, திரவ நிலையில் இந்தப் பிடி தளர்வதற்கு எவ்வளவு செலவாகிறது என்று புரியும்.

ஆறாம் படி: மானி நின்றுவிடும் இடங்கள்

நம் சூத்திரம் இரண்டு இடங்களில் செல்லாது: உருகும்போதும் கொதிக்கும்போதும். 0 டிகிரி பனிக்கட்டி ஒரு கிலோ உருக 3,34,000 ஜூல் வாங்கும், வெப்பநிலை அசையாது. அதே வெப்பம் அந்தத் தண்ணீரை 0-லிருந்து 80 டிகிரிவரை ஏற்றியிருக்கும். ஆவியாவதற்கு ஒரு கிலோவுக்கு 22,57,000 ஜூல் வேண்டும். 0-லிருந்து 100 டிகிரிவரை ஏற்ற ஆகும் செலவைப்போல ஐந்து மடங்குக்கும் அதிகம். இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர், இதைக் கண்டவரும் பிளாக்தான். உருகுவதற்குக் கொஞ்சம் வெப்பமே போதும் என்றிருந்தால், வசந்தம் வந்ததும் மலைப்பனி முழுதும் ஒரே மூச்சில் உருகி ஊரை அடித்துக்கொண்டு போயிருக்குமே என்பது அவருடைய வாதம்.

அடுப்படியில் இதற்கு உடனடிப் பயன் உண்டு. உலை கொதித்துவிட்ட பிறகு தீயைக் கூட்டினால் அரிசி வேகமாக வேகாது. தண்ணீர்தான் வேகமாக ஆவியாகும், கேஸ் தீரும். இட்லிப் பானையில் ஆவி மாவின் மேல் படிந்து தண்ணீராகும்போது வாங்கிய கடனையெல்லாம் அங்கே இறக்கிவிடுகிறது, அதனால்தான் ஆவிப்பட்ட புண் கொதிநீர்ப் புண்ணைவிட மோசம்.

தன்வெப்பத்தின் தலையில் தவறாகக் கட்டப்படுபவை

கடற்காற்றுக்கு விளக்கம் கேட்டால் ‘தண்ணீரின் தன்வெப்பம் அதிகம்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவது வழக்கம். அது முழு விடையாகாது. சித்திரை மதியம் மெரினா மணலில் வெறுங்காலோடு நடக்க முடிவதில்லை, பக்கத்திலேயே கடல் இதமாக இருக்கிறது. தன்வெப்பத்தில் ஐந்து மடங்கு வித்தியாசம் இருப்பது உண்மை. ஆனால் வெயில் மணலின் மேல் தோலோடு நின்றுவிடுகிறது. மணல் வெப்பத்தைக் கீழே கடத்துவதில் சோம்பேறி. ஒரு சாண் ஆழம் தோண்டிக் காலை வைத்துப் பாருங்கள், சில்லென்றிருக்கும். கடலில் ஒளி பல மீட்டர் ஆழம் இறங்குகிறது, அலை அதைக் கலக்கிவிடுகிறது, மேற்பரப்பில் நீர் ஆவியாகிறது. அதே வெயில் பல மடங்கு நிறைக்குப் பங்கு வைக்கப்படுகிறது. நம் சூத்திரத்தின் மொழியில் சொன்னால், தன்வெப்பத்தைவிட நிறைதான் இங்கே பெரிய கை. தரை காய்ந்து, அதன் மேலுள்ள காற்று மேலெழ, கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. சென்னைக்கு மதியத்தில் கிடைக்கும் அந்த நிவாரணம் வேலூருக்கு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

மண்பானைத் தண்ணீர் குளிர்வதையும் மண்ணின் தன்வெப்பத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. தன்வெப்பம் எதையும் குளிர்விக்காது, ஏறுவதையும் இறங்குவதையும் மெதுவாக்கும், அவ்வளவே. பானையின் நுண்துளைகள் வழியே கசிந்த தண்ணீர் வெளிப்புறத்தில் ஆவியாகிறது. அறை வெப்பநிலையில் ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகச் சுமார் 24 லட்சம் ஜூல் வேண்டும். 100 மில்லி கசிந்து ஆவியானால் 2,40,000 ஜூல். அது முழுக்க உள்ளே இருக்கும் 10 லிட்டர் தண்ணீரிலிருந்தே எடுக்கப்பட்டால், 41,860-ஆல் வகுக்க, 5.7 டிகிரி இறங்கும். வெளிக்காற்றிலிருந்தும் வெப்பம் உள்ளே வந்துகொண்டிருப்பதால் நடப்பில் அதைவிடக் குறைவாகவே இறங்கும். புழுக்கமான நாளில் கடற்கரை ஊர்களில் அந்தச் சில்லிப்பும் வராது; காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், பானை வேர்த்தபடியே நின்றுவிடும்.